கோப்பில் விட்டுப்போன வரி

மண்டபத்தில் படகுகளுக்கு ஜிபிஎஸ் கருவி சரிசெய்து கொடுக்கும் சின்னக் கடை வைத்திருந்தேன். பத்தாவதுவரை படிப்பு, மற்றதெல்லாம் பார்த்துப் பழகியது. கருவிக்குள் கம்பெனிக்காரன் போட்ட அமைப்புகள் இருக்கும். அந்தந்தப் படகுக்கு மாற்ற வேண்டியதை மட்டும் நான் ஒரு கோப்பில் எழுதி, மெமரி கார்டில் ஏற்றுவேன். கருவி இரண்டையும் சேர்த்துக்கொள்ளும். நான் எழுதியதற்கு என்னுடையது, எழுதாததற்குக் கம்பெனியுடையது.

என் தங்கை கணவர் புதுக் கருவி வாங்கினார். கடல் எல்லைக்கு இரண்டு மைல் முன்னாலேயே அது கத்த வேண்டும். பழைய கோப்பையே ஏற்றினேன். அதில் இரண்டு மைல் என்றிருந்தது. ஒலி வேண்டும் என்ற வரி இல்லை. பழைய கருவிகளில் ஒலி தானாக வரும்.

“ஒரு தடவ கத்துதான்னு பாத்துருவமா மாப்ளே?”

“ராகு காலத்துலயா? நல்லாருக்கு மச்சான் ஒங்க பக்தி! படகுல பூசை போட்டுத்தான் மொதல்ல ஆன் பண்ணணும்.”

நானும் சாமிக்குப் பயந்தவன். பெட்டியோடு மூடிக் கொடுத்துவிட்டேன்.

பூசையில் தங்கை உடைத்த தேங்காய் அழுகியிருந்தது. அந்த வாரமே பனிமூட்டத்தில் படகு எல்லை தாண்டி, மாப்பிள்ளையோடு இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டது. கடையில் இருந்த அதே மாதிரிக் கருவியில் என் கோப்பைப் போட்டுச் சோதித்தேன். கத்தவில்லை. புதியதில் கம்பெனி ஒலியை அடைத்தே அனுப்பியிருந்தது.

“என் கை ஒடச்ச காய்ண்ணே” என்று தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். ‘சாமி பாத்துக்கிரும்’ என்றுதான் எனக்குச் சொல்ல வந்தது. தினமும் இராமேஸ்வரம் போய் சுவாமியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

ஒரு நாள் தங்கை துணிப்பையோடு என் வாசலில் வந்து நின்றாள். மாமியார் அனுப்பிவிட்டார்களாம், கை ராசியில்லாதவள் என்று. அதற்குமேல் மறைக்க என்னால் முடியவில்லை. சொன்னேன்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “இத அத்தைட்ட வந்து சொல்லுண்ணே.”

போய்ச் சொன்னேன். அந்தம்மா கேட்டுவிட்டு, “நீ பைய உள்ள வையி தாயி” என்று அவளிடம் சொன்னார்கள். என் பக்கம் திரும்பவில்லை. “ஒங்க அண்ணன இனிமே இந்த வாசலுக்கு வர வேணாம்னு சொல்லு.”

மாப்பிள்ளை ஐந்து மாதம் கழித்து விடுதலையாகி வந்தார், படகு வரவில்லை. அவர் வந்த சேதியை டீக்கடையில் யாரோ சொல்லித்தான் அறிந்தேன்.