சொல்லக் கூடாத விமானம்

என் மகள் சென்னையில் ராக்கெட் செய்யும் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சேர்ந்த அன்றே, உள்ளே நடப்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். தினமும் சாயங்காலம் போன் செய்வாள். "இன்னிக்கு என்ன வேலை கண்ணு?" என்று கேட்பேன். "சொல்லக் கூடாதும்மா" என்பாள். பெற்றவளிடம் என்னடி ரகசியம் என்று எனக்குச் சுள்ளென்று கோபம் வரும்.

கோபப்படும் யோக்கியதை எனக்குக் கிடையாது. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் சாம்பிள் ரூமுக்கு நான்தான் பொறுப்பு. அடுத்த சீசனில் வெளிநாட்டுக் கடைகளில் தொங்கப்போகும் டிசைன் எங்கள் அறையில்தான் முதலில் உருவாகும். உள்ளே போன் கொண்டுவரக் கூடாது. ஆர்டர் கொடுக்கும் பையர் ஒருவர் வந்தால் இன்னொரு பையரின் சாம்பிள்கள் அத்தனையும் பீரோவுக்குள் போய்விடும். ஒருமுறை தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த டெய்லர் ஒருத்தி, தான் தைத்த கவுனைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள். "ஆசையில வச்சுட்டேன்க்கா" என்று அழுதாள். நான் விடவில்லை. வரி வரியாகச் சொல்லி விளக்கக் கடிதம் எழுத வைத்து, ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பினேன்.

மகள் சொல்லாததை நானே கண்டுபிடிப்பது என்று இறங்கினேன். செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். அமெரிக்க ராணுவத்திடம் ஆளில்லாத குட்டி விமானம் ஒன்று இருக்கிறது. ராக்கெட்டில் ஏறி விண்வெளிக்குப் போய், ஒரு வருடத்துக்கு மேல்கூடப் பூமியைச் சுற்றிவிட்டு, தானாகவே ஓடுபாதையில் வந்து இறங்குகிறது. மேலே என்ன செய்கிறது என்பதை முழுதாகச் சொல்ல மாட்டார்கள். விதைகளைக் கொண்டுபோய்ச் சோதித்ததாக ஒரு தடவை சொன்னார்களாம். விதைக்கு எதற்கு ராணுவம் என்று எனக்குச் சந்தேகம் தட்டியது. அடுத்த நாட்டுச் செயற்கைக்கோளைப் பிடிக்கத்தான் என்றார் ஒருவர். குண்டு போட என்றார் இன்னொருவர். நம் நாட்டிலும் இறக்கை வைத்த ஒன்றை ஹெலிகாப்டரில் தூக்கிப் போய் மேலிருந்து விட்டார்கள். அது தானாக வந்து இறங்கி, சக்கரம் தரையைத் தொட்டபோது என் கண் கலங்கிவிட்டது.

என் மகள் நம் ராணுவத்துக்கு அப்படி ஒரு விமானத்தைத்தான் செய்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். சாட்சியும் இருந்தது. "அதுக்கு றெக்கை இருக்குமா கண்ணு?" என்று கேட்டதற்குச் சிரித்தாள். இல்லை என்று சொல்லவில்லையே! இன்னொரு நாள், பஞ்சுத் தூசி விடாத பின்னல் துணி எது என்று கேட்டாள். விமானத்தைத் துடைக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, நல்லதாகப் பார்த்து அனுப்பினேன்.

கொமரலிங்கத்தில் ஒரு காதுகுத்து விசேஷம். என் அண்ணன் மனைவியை நான் நங்கையா என்று கூப்பிடுவேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த அவர், "அப்படி என்னதானுங்க வேலை பாக்குது புள்ள? கண்ணாலத்தக்கூடத் தள்ளிப் போட்டுட்டு?" என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ராணுவத்துக்கு ரகசிய விமானம் செய்யறாளுங்க நங்கையா. ஆருகிட்டயும் சொல்லீராதீங்க."

ரசம் வருவதற்குள் விஷயம் பந்தி முழுக்கப் பரவிவிட்டது. சாயங்காலம் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் மகளின் படத்தோடு வந்தது. அங்கிருந்து எங்கெங்கோ சுற்றி, நாலாம் நாள் அவளுடைய மேலதிகாரியின் போனுக்கே போய்ச் சேர்ந்தது.

"என்னம்மா செஞ்சு வெச்சிருக்கறே? விசாரிச்சு முடியற வரைக்கும் வர வேண்டாம்னுட்டாங்க. வேலையே போயிரும்மா" என்றாள் போனில்.

மறுநாள் காலை ரயிலைப் பிடித்துப் போனேன். அவள் தங்கியிருந்த அறையில் உட்கார்ந்து கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். அந்த டெய்லருக்கு நான் சொல்லிக் கொடுத்த வரிகளே கைக்கு வந்தன. கடைசியில், 'என் மகள் என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. விமானம் முழுக்க நான் வீடியோ பார்த்துக் கட்டியது' என்று சேர்த்தேன்.

அவள் அதை வாங்கிப் படித்தாள். சிரித்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள்.

"விமானமெல்லாம் இல்லம்மா. உள்ளங்கையில அடங்கற ஒரு பாகம். அதுதான் எனக்குக் குடுத்த வேலை. எட்டு மாசமா டெஸ்ட்ல ஃபெயில் ஆயிட்டே இருக்குது. கூட இருக்கறவங்களுதெல்லாம் பாஸாயிருச்சு. சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டா நீ அதுக்கு மேல கேக்க மாட்டே. அதான்."

"எத்தனை தடவை கண்ணு?"

"பதினொன்னு. நீ றெக்கை இருக்குமான்னு கேட்டியே, அன்னிக்குத்தான் ஒன்பதாவது."

என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. ஒரு கழுத்துப் பட்டிக்கு ஏழு தடவை சாம்பிள் திரும்பி வந்து, நானே பாத்ரூமில் போய் அழுதிருக்கிறேன். அந்தக் கஷ்டம் எனக்குப் புரியாததில்லை. எட்டு மாதமாக அவள் குரலைக் கேட்டும் ஒன்றும் தெரியாமல், இறக்கையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடிதத்தைப் படித்துவிட்டு, கம்பெனியில் அவளைக் கண்டித்துச் சேர்த்துக்கொண்டார்கள். திருப்பூர் திரும்பியதும் முதல் வேலையாக அந்த டெய்லரின் கடிதத்தை ஃபைலிலிருந்து எடுத்து அவளிடமே கொடுத்தேன். "கிழிச்சுப் போட்டுரும்மா" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அது என்ன பாகம் என்று மகள் சொல்லிவிட்டாள். இங்கே எழுத மாட்டேன். போன வாரம் காதர்பேட்டைத் துணிக்கடை வீதியில் நங்கையாவைப் பார்த்தேன். "விமானம் கெளம்பீருச்சுங்களா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

"சொல்லக் கூடாதுங்க" என்றேன்.

அன்று சாயங்காலம் போன் வந்தது. இப்போதெல்லாம் நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறாள்.

"பதினாலும்மா."

"சரி கண்ணு. பதினஞ்சு எப்போ?" என்றேன்.