வண்டலூர் தாண்டி ஒரு மாத்திரைக் கம்பெனிக்கு

மேற்குத் தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இதை அடிக்கிறேன். அவசரமாக அடிக்கிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது இதே தாம்பரம்தான். இப்போது வேலை ஒரு சின்னத் தீவு நாட்டில், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில். நாட்டின் பெயர் வேண்டாம், பிழைப்பு போய்விடும். எங்கள் துறையில் மொத்தமே நாலு பேர். நாலு பேர் எத்தனை கம்பெனிகளைத்தான் போய்ப் பார்ப்பது? அதனால் எங்களைப் போன்ற மூன்று சின்ன நாடுகள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. ஒரு நாடு தொழிற்சாலையைப் பார்த்து மருந்துக்கு அனுமதி கொடுத்தால், மற்ற இரண்டும் அதை ஏற்றுக்கொள்ளும். நல்ல ஏற்பாடு. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

இந்தப் பயணத்தை நான் கேட்டு வாங்கியதற்குக் காரணம் என் மனைவி ரஹ்மத். அவளுக்கு வலிப்பு உண்டு. எங்கள் தீவில் இப்போது கிடைக்கும் ஒரே வலிப்பு மாத்திரை வண்டலூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து வருகிறது. வருஷக்கணக்காக எட்டிப் பார்க்காத வலிப்பு, இந்த மாத்திரைக்கு மாறிய பிறகு இரண்டு தடவை வந்துவிட்டது. ஒரு தடவை எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில். டாக்டர் மனக்கவலை என்றார். கவலையாம், கவலை! அனுமதியைப் புதுப்பிக்கும் நேரம் வந்ததும், மூன்று நாட்டுக்காரர்களும் சேர்ந்தே போய்ப் பார்ப்போம் என்று மேலிடத்தை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன்.

இன்று மதியம் இரண்டு மணிக்குத் தாம்பரத்திலிருந்து கிளம்பினோம். குவாலிஸ் வண்டி, எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர் வரை வாடகை ஆயிரத்து நூறு ரூபாய். என்னோடு இரண்டு பேர். இரண்டாவது நாட்டிலிருந்து தாரா மேடம், மூன்றாவதான மலைநாட்டிலிருந்து தலை நரைத்த ஒரு சார். நவம்பர் மழைத் தண்ணீர் ஜிஎஸ்டி ரோட்டில் முழங்கால் அளவு நின்றது. பெருங்களத்தூரைத் தாண்டவே நாற்பது நிமிஷம். வானம் மூன்று மணிக்கே மாலைபோல இருட்டிக்கொண்டு வந்தது.

வண்டலூரில் கேளம்பாக்கம் ரோட்டில் திரும்பியதும் டிரைவர் செல்வம் வேகத்தைக் குறைத்தார்.

“சார், இனிமே வழி நீங்கதான் சொல்லணும். மூணு பேர்ல யார்னா முன்னாடி வந்துகிறீங்கள்ல?”

நான் தாரா மேடத்தைப் பார்த்தேன். அவர்கள் நாடு பார்த்துவிட்டது என்று நம்பித்தான் எங்கள் துறை அனுமதி கொடுத்தது. அவர் மலைநாட்டு சாரைப் பார்த்தார். அந்த மனுஷன் என்னைப் பார்த்தார். வைப்பர் மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது. அடுத்தவர் பார்த்திருப்பார் என்று மூன்று நாடும் ஒன்றையொன்று நம்பி அனுமதி கொடுத்திருக்கிறது. ஒருவரும் இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

டீக்கடையில் விசாரித்து மூன்று கிலோமீட்டர் போனோம். ஜூவை ஒட்டிய கட்டடம், பளபளவென்று வெள்ளையடித்திருந்தது. மேனேஜர் பூச்செண்டோடு நின்றார். மேலங்கி, தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். பெரிய கூடம். வரிசையாக மிஷின்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒருவர். இருபது பேர் இருக்கும். வெள்ளை அங்கி, முகமூடி, கண்கள் மட்டும் வெளியே. ஒருவரும் அசையவில்லை. ஒரு மிஷினும் ஓடவில்லை. இன்று கரண்ட் இல்லை என்றார் மேனேஜர். தலைக்கு மேல் ஏசி ஜில்லென்று அடித்துக்கொண்டிருந்தது!

மாத்திரை செய்யும் இடம் எதுவானாலும் மாவுத்தூள் மூக்கில் ஏறும். இங்கே புதுப் பெயின்ட்டும் பினாயிலும்தான். திடீரென்று சுவருக்கு அப்பால் சிங்கம் கர்ஜித்தது. எங்கள் மூவருக்கும் தூக்கிவாரிப் போட்டது. அந்த இருபது ஜோடிக் கண்கள் திரும்பக்கூட இல்லை.

மாத்திரை அழுத்தும் மிஷினுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். புதுச் சாமான் துருப்பிடிக்காமலிருக்கப் பூசி அனுப்புவார்களே, அந்த கிரீஸ் அப்படியே இருந்தது. மேனேஜர் தாரா மேடத்தோடு பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பெண்ணிடம் மெதுவாக, “அக்கா, இதுல உங்களுக்கு இன்னா வேலை?” என்றேன்.

“தெர்லண்ணா. காலீல வேன்ல இட்டாந்தாங்க. நிக்க சொன்னாங்க, நிக்கிறோம்.”

அந்த மிஷின்கள் ஒரு நாளும் ஓடியதில்லை. மாத்திரை மட்டும் எங்கள் மூன்று நாடுகளுக்கும் மாதாமாதம் வந்துகொண்டுதான் இருக்கிறது. எங்கே செய்கிறார்கள், உள்ளே என்ன இருக்கிறது, யாருக்கும் தெரியாது. தாம்பரம் நெருங்கும்போது மலைநாட்டு சார், எங்கள் ஊர்க் குழந்தைகளும் இதைத்தான் விழுங்குகின்றன என்றார், ஆங்கிலத்தில், தனக்குத்தானே சொல்வதுபோல.

இந்த வேலையாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: மழைக்காலத்தில் காரை நம்பாதீர்கள். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வண்டலூர் கால் மணி நேரம்தான், அங்கிருந்து ஆட்டோ. மேனேஜர் இல்லாத நேரம் பார்த்து வேலை செய்கிறவர்களிடம் அவர்கள் பாஷையில் பேசுங்கள். கூட்டு ஏற்பாடு இருந்தால், முதலில் நேரில் போனவரின் குரலைப் போனிலாவது கேட்டுவிடுங்கள்.

ஸ்டேஷன் எதிரே ஒரு மெடிக்கலில் ரஹ்மத்தின் பழைய மருந்துச் சீட்டைக் காட்டி வேறு கம்பெனி மாத்திரை வாங்கிவிட்டேன். என் விமானம் நாளை மறுநாள். அதன் பிறகு ஐஎஸ்டி பூத்துக்குப் போய் அவளைக் கூப்பிட்டேன்.

“மாத்திரை நேரமாச்சுங்க. போடட்டுமா?”

அவள் கையில் இருக்கிற மாத்திரையில் துளி மருந்தாவது இருந்து, திடீரென்று நிறுத்தினால், வலிப்பு அடுக்கடுக்காக வரும். உள்ளதைச் சொன்னால் தனியாக இருப்பவள் பயத்தில் தூங்க மாட்டாள். தூக்கம் கெட்டாலும் வரும்.

“போட்டுக்கோ,” என்றேன்.

தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

“போட்டுட்டேன். நீங்களே நேர்ல போய்ப் பாத்துட்டீங்க, இனிமே எனக்குப் பயமில்லைங்க,” என்றாள்.