ஆம்புலன்ஸில் ஒரு டி.வி., அதற்கு ஒரு பச்சை அட்டை

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான். என்ன ஒன்று... நீங்கள் வீட்டில் இருந்திருப்பீர்கள். நான் செகந்திராபாத் பக்கம் ஷாமிர்பேட் ஏரிக்கரையில் ஒரு ஆம்புலன்ஸுக்குள் இருந்தேன்.

பதற வேண்டாம். யாருக்கும் ஒன்றுமில்லை. ஆம்புலன்ஸுக்குத்தான் வயசாகிவிட்டது. என் வீட்டுக்காரர் செல்வராஜ் வேலை பார்க்கும் பாலாநகர் ஃபாக்டரியில் அதை இனி உதவாது என்று கண்டம் செய்து ஏலம் விட்டார்கள். இவரும் சக இன்ஜினியர் மூர்த்தியும் சேர்ந்து எடுத்தார்கள். ஸ்ட்ரெச்சர் இருந்த இடத்தில் படுக்கை, ஆக்ஸிஜன் சிலிண்டர் இருந்த இடத்தில் கெரசின் ஸ்டவ். கரன்ட் இல்லாத காட்டில்கூடப் போய்த் தங்கலாமாம். "சங்கு ஊதின வண்டியில நான் ஏறவே மாட்டேன்" என்று மூர்த்தியின் மனைவி முதல் நாளே சொல்லிவிட்டார். புத்திசாலி.

இதில் டி.வி. எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா? அதற்கு எங்கள் மைனியைச் சொல்ல வேண்டும்.

மைனி என்றால் இவருடைய அக்கா மேபிள். ரயில்வேயில் ஹெட் கிளார்க். நாங்கள் குடியிருக்கும் மெட்டுகுடா குவார்ட்டர்ஸ் அவர் பெயரில்தான் இருக்கிறது. எங்கள் சர்ச் பாடகர் குழுவில் இருபத்தாறு வருஷமாக இரண்டாவது வரிசையில் நின்று பாடுகிறார். இந்தக் கிறிஸ்துமஸுக்கு டி.வி.க்காரர்கள் வந்து குழுவைப் படம் பிடித்தார்கள். கடைசிப் பாட்டு மைனி தனியாகப் பாடியது. வாழ்க்கையில் முதல் சோலோ!

அன்றைக்குத் தம்பி, அதாவது என் வீட்டுக்காரர், வரவில்லை. ஷிஃப்ட். அதற்கு முன்னும் அவர் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. சர்ச்சில் பாடகர் குழு எழுந்தால் இவர் கண்ணை மூடுவார். ஜெபம் என்று நாங்கள் நம்ப வேண்டும். வீட்டில் மைனி சமையலறையில் பாடிப் பார்த்தாலோ, "அக்கா, கொஞ்சம் மெதுவா... கணக்கு தப்புது" என்பார். என்ன கணக்கு? ஆம்புலன்ஸில் எத்தனை விசிறி ஓடும் என்ற கணக்கு.

மைனி ஒருநாள் என்னிடம் வாய்விட்டே சொன்னார். "ஊரு கேக்கட்டும், கேக்காம போகட்டும். அவன் ஒருதரம் முழுசா கேட்டான்னா போதும்மா."

புதன்கிழமை போடுவதாக இருந்த நிகழ்ச்சியை டி.வி.க்காரர்கள் ஞாயிறு சாயங்காலத்துக்கு மாற்றினார்கள். அதே ஞாயிறுதான் ஆம்புலன்ஸின் முதல் பயணம். ஃபாக்டரி கேன்டீன் முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று. தள்ளிப்போட்டால் திங்கட்கிழமை அங்கே தலை காட்ட முடியாதாம்.

"அதுக்கென்ன? டி.வி.யையும் கூட்டிட்டுப் போவோம்" என்றார் இவர்.

உடனே கமிட்டி கூடியது. உறுப்பினர்கள் இருவர். எங்கள் வீட்டில் கதவு வைத்த மரப்பெட்டி டி.வி. இருக்கிறது, நாலு பேர் தூக்க வேண்டும், வீட்டுக் கரன்ட் வேண்டும் — நிராகரிக்கப்பட்டது. கலர் டி.வி. பேட்டரியைக் குடித்துவிடும் — நிராகரிக்கப்பட்டது. பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ஓடுகிற பதினாலு இன்ச் கறுப்பு வெள்ளை போர்ட்டபிள்தான் சரி என்று மூன்று பக்கத்துக்கு எழுதி, கீழே இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். எனக்கும் ஒரு நகல் வந்தது.

செகந்திராபாத் கடைத்தெருவில் மூன்று சாயங்காலம் அலைந்தோம். கடைசிக் கடையில் மூர்த்தி ஒரு டி.வி.யைத் தூக்கிக் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே ஏதாவது ஆடுகிறதா என்று பார்க்கிறாராம். குண்டும் குழியுமான ரோடு ஆயிற்றே. கடைக்காரருக்கு நெஞ்சு வலி வராத குறை.

"கைக்கு சாப்? டி.வி. தேக்னேகா ஹை யா உடானேகா?"

டி.வி. எதற்கு, பார்க்கவா, பறக்க விடவா என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. என் பத்து வயது மகள் ஷீலா விழுந்து விழுந்து சிரித்தாள். குலுக்கியதில் தேறிய டி.வி.யை வாங்கினோம்.

இனி பேட்டரி. வண்டி பேட்டரியில் டி.வி. ஓட்டினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. அதனால் டி.வி.க்குத் தனி பேட்டரி. வண்டிக்கும் அதற்கும் ஒரு வயர்கூடத் தொடர்பு கிடையாது. "அதுதான் டிசைன்" என்றார் மூர்த்தி. எவ்வளவு முன்யோசனை! நான்கூட ஒரு நிமிஷம் பெருமைப்பட்டேன்.

அங்கேதான் ஃபாக்டரி பழக்கம் குறுக்கே வந்தது. இவர்கள் ஃபாக்டரியில் எந்தக் கருவியையும் சும்மா வெளியே அனுப்ப மாட்டார்கள். இருபத்து நாலு மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டிப் பார்ப்பார்கள். பர்ன்-இன் என்று பெயர். தாக்குப்பிடித்தால் கழுத்தில் 'பாஸ்' என்று பச்சை அட்டை கட்டுவார்கள். ஃபாக்டரியில் செய்வது விமானத்தில் போகிற சாமான், சரி. ஷாமிர்பேட் போகிற டி.வி.க்கும் அதே மரியாதை வேண்டுமா?

வேண்டுமாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்தார்கள். ராத்திரி டி.வி. ஸ்டேஷன் மூடியபிறகு திரையில் என்ன வரும்? வெறும் புள்ளிதான். இரண்டு படித்த மனிதர்கள் முறை வைத்துக்கொண்டு அந்தப் புள்ளிகளைப் பார்த்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் மணி ஆனதும் கைதட்டி, டி.வி.க்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று, இரண்டு பச்சை அட்டை கட்டினார்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கிளம்பினோம். ஒரு மணி நேரப் பயணம்தான், சாமான் என்னவோ சந்திரனுக்குப் போகிற மாதிரி! ஏரிக்கரையில் மூங்கில் நட்டு, உச்சியில் ஆன்டெனா கட்டி, சிட்டி இருக்கும் திசையில் திருப்பினார்கள். மைனி பட்டுப்புடவை கட்டியிருந்தார். காட்டுக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஆறு மணிக்கு இவர் ஸ்விட்சைப் போட்டார்.

ஒன்றும் வரவில்லை.

வயரை ஆட்டினார். டி.வி. தலையில் தட்டினார். மூர்த்தி மீட்டர் வைத்துப் பார்த்து முகம் வெளுத்தார். பேட்டரியில் சொட்டு உயிர் இல்லை.

மைனி மெதுவாகக் கேட்டார். "எலே, நேத்து முழுக்க ஓட்டினியே... திரும்ப சார்ஜ் யாருலே போட்டா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "டெஸ்ட் பண்றதுதான்க்கா நம்ம டிபார்ட்மென்ட்" என்றார் மூர்த்தி. "சார்ஜ் போடறது... மெயின்டனன்ஸ்."

எங்கள் வீட்டில் மெயின்டனன்ஸ் டிபார்ட்மென்ட் யார்? நான். சார்ஜ் போடச் சொல்லி எனக்கு யாரும் நகல் அனுப்பவில்லையே!

டி.வி. வயரைப் பிடுங்கி வண்டி பேட்டரியில் மாட்டினார்கள். அது கிழட்டு பேட்டரி. இன்ஜினை ஓடவிட்டால் திரை முழுக்கக் கோடு, ஸ்பீக்கரில் உறுமல். அதில் பாடுவது மைனியா மாவு மில்லா என்று தெரியாது. இன்ஜினை நிறுத்தினால் படம் பளிச்சென்று வரும், ஆனால் வண்டி திரும்பக் கிளம்பாது.

"காலையில எட்டு மணிக்கு ஃபாக்டரியில கார்டு பஞ்ச் பண்ணணும் சார்" என்றார் மூர்த்தி.

"மம்மி, இதர் சோனா நக்கோ" என்றாள் ஷீலா. இங்கே தூங்க வேண்டாமாம்.

மைனி சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி, "பரவாயில்லடா, வீட்டுக்குப் போவோம். என் மூஞ்சி எனக்குத் தெரியாததா?" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். வரவில்லை.

இவர் ஒரு நிமிஷம் அக்காவைப் பார்த்தார். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அந்த மனுஷன்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்தது அப்போதுதான். அவரிடம் சொல்லவில்லை. அதையும் எழுதி ஃபைல் போட்டுவிடுவார்.

திரையில் எங்கள் பாடகர் குழு. ஒரு பாட்டு, இரண்டு பாட்டு. படம் இரண்டு பக்கமும் சுருங்க ஆரம்பித்தது. யாரும் மூச்சுவிடவில்லை. கடைசிப் பாட்டுக்கு மைனி முன்னால் வந்து நின்றபோது படம் போஸ்ட் கார்டு அளவுக்கு வந்துவிட்டது. போஸ்ட் கார்டுக்குள் மைனி வாயைத் திறந்தார். முதல் சரணம் பாடினார். அட்டகாசம்! இரண்டாவது சரணம் பாதியில் தீப்பெட்டி அளவு. அப்புறம் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி... அதுவும் போயிற்று.

இவர் அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாரிக்கா" என்றார்.

மைனி தொண்டையைச் செருமினார். "அங்கே ரெண்டாவது சரணத்துல சுருதி இறங்கிட்டு. எனக்கே பிடிக்கலை. இப்ப கேளு."

விட்ட இடத்திலிருந்து பாடினார். மூன்றாவது, நான்காவது சரணமும் சேர்த்து, உட்கார்ந்த இடத்திலேயே, இரண்டடி தூரத்தில். மூர்த்தி கையிலிருந்த மீட்டரைக் கீழே வைத்தார். இவர் கண்ணை மூடவில்லை. ஒருமுறைகூட மூடவில்லை, நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

ஆன்டெனா, பேட்டரி, கமிட்டி, மூன்று பக்க ரிப்போர்ட்... பக்கத்து அறையில் பாடிக்கொண்டிருந்தவரைக் கேட்க எவ்வளவு ஏற்பாடு! நாம் எல்லாருமே இப்படித்தானே? வீட்டில் இருப்பவர் டி.வி.யில் வந்தால்தான் திரும்பிப் பார்க்கிறோம்.

மறுநாள் காலையில் ஒரு டிராக்டர்காரர் கயிறு கட்டி இழுத்து வண்டியைக் கிளப்பினார். வீட்டு வாசலில் இறங்கும்போது பார்த்தேன், மைனியின் ஹேண்ட்பேக்கில் ஒரு பச்சை அட்டை தொங்கியது. யார் கட்டியது என்று கேட்க வேண்டியதே இல்லை.

மைனி அதைத் தூக்கி 'பாஸ்' என்று படித்தார். "எலே, டி.வி.க்கு ஒரு நாள், எனக்கு இருபத்தாறு வருஷமா?"

திட்டினாரே தவிர, அந்த அட்டை இப்போது அவர் பாட்டுப் புத்தகத்துக்குள் இருக்கிறது.