நான் எழுதிக் கெடுத்த கஜல்கள்

என் மாமனார் வாணியம்பாடிக்காரர். தோல் மண்டியில் வேலை பார்த்துக்கொண்டே ஆயுள் முழுக்க உர்தூவில் கஜல் எழுதியவர். பழைய யாப்பில் ஓர் அசை தப்பினாலும் மொத்த வரியையும் கிழித்துப்போடுவார் என்பாள் என் மனைவி. புத்தகம் எதுவும் போட்டதில்லை. மாமி இறந்தபின் கடல் கடந்து, நாங்கள் குடியேறியிருந்த டூங்கபிக்கு எங்களோடு இருக்க வந்தபோது அவருக்குப் பார்வை அநேகமாகப் போய்விட்டிருந்தது. கொண்டுவந்த நோட்டுகளைத் திறந்தோம். ஊர் வீட்டுக் கூரை ஒழுகியதில் நனைந்து, மை கரைந்து, தாள்கள் ஒட்டிக் கிடந்தன. மனைவி தயங்கித் தயங்கி அதைச் சொன்னாள்.

"பரவால்லம்மா, எல்லாம் தலைல இருக்கு" என்றார்.

மனைவிக்கு உர்தூ பேசத் தெரியும். அவள் படித்தது தமிழ்ப் பள்ளி, எழுத வராது. எனக்கு ஓய்வு கிடைக்கும் சனிக்கிழமைகளில் அவளுக்கு ஆஸ்பத்திரி வேலை வேறு. எனக்கு ஆம்பூரில் அக்கம்பக்கத்தில் கேட்டுப் பழகிய உர்தூதான். அவர் சொல்ல நான் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொள்கிறேன் என்றேன். போனில் பதிவு செய்யலாமா என்று ஒருமுறை கேட்டேன். பெட்டிக்கு முன்னால் வரி வராது என்றார். நான் வற்புறுத்தவில்லை. இன்றுவரை என்னை அரிப்பது அதுதான்.

இரண்டு குளிர்காலம், சனிக்கிழமைதோறும் எழுதினோம். நூற்றுச் சொச்சம் கஜல்கள். ஒவ்வொன்று முடிந்ததும், "எழுதிட்டீங்களா மாப்ள?" என்பார். "ஆமா மாமா" என்பேன். திருப்பிப் படிக்கச் சொல்லி அவர் கேட்டதில்லை. அவ்வளவு நம்பினார்.

பிறகு பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. இங்கேயே ஹோம்புஷில் தன் மகன் வீட்டில் இருந்த, சென்னையில் உர்தூ ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள், எல்லாவற்றையும் உர்தூவில் எழுதித் தருவதாக வந்தார். நான் வாசித்தேன். நாலாவது வரியிலேயே நிறுத்தினார்.

"இங்க 'கம்'னு படிச்சீங்களே, துக்கமா, கொறைவா?"

உர்தூவில் இரண்டும் வேறு வேறு சொற்கள். துக்கத்துக்கான ஒலி தொண்டையின் ஆழத்திலிருந்து வரும். தமிழில் எழுதியபோது இரண்டையும் 'கம்' என்றே எழுதியிருந்தேன். இரண்டு பொருளும் அந்த வரியில் பொருந்தின. வரிக்கு வரி இப்படித்தான் இருந்தது.

கட்டிலருகே போய் மாமாவிடமே கேட்டோம். அவர் பெரும்பாடுபட்டு வாயைத் திறந்தார். கோணிய வாயிலிருந்து "கம்" என்று வந்தது. எந்தக் கம் என்று எங்களுக்குப் புரியவில்லை. ஆசிரியை மறுபடி கேட்டார். மறுபடியும் அதேதான். மூன்றாம் முறை கேட்டபோது அவர் கண்களை மூடிக்கொண்டார். அதற்குப்பின் நோட்டை எடுத்துக்கொண்டு யார் போனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஆசிரியை ஆறு வாரம் முயன்றார். ஒன்பது கஜல்களைத் தேற்றினார். ஒருநாள் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பாதி வார்த்தை நான் யூகிச்சுப் போட்டது. இத அவரோடதுன்னு சொல்ல எனக்கு மனசு வரல, தம்பி."

ஆகஸ்டில் மாமா இறந்தார். கல்லறைக் கல்லில் அப்பாவின் ஒரே ஒரு வரியாவது இருக்கவேண்டும் என்றாள் மனைவி. நானும் அவளும் நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டினோம். இது அவர் சொன்னதுதான் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய வரி ஒன்றும் கிடைக்கவில்லை. பெயரையும் ஊரையும் மட்டும் பொறிக்கக் கொடுத்தோம்.