மைக் வாங்காதவர்கள்

இரண்டாம் சனிக்கிழமை உபவாச ஜெபத்தில், கர்த்தர் தங்களுக்குச் செய்ததைச் சாட்சி சொல்ல எழுபவர்களிடம் மைக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பவர் ஞானஜோதி. முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, முன்பு கிடங்காக இருந்த தகரக் கூரை மண்டபம் அது. யார் கை தூக்கினாலும் அவர் நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்துபோக வேண்டும். முட்டி தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லி நாளாகிறது. வாரம் முழுக்க நின்று செய்கிற வேலைக்கு மேல் இந்த நடையும். வேறு யாராவது செய்யட்டும் என்று சொல்லிப் பார்த்தார், யாரும் முன்வரவில்லை.

வாரநாள் வேலை தாம்பரம் சானடோரியத்தில், துணி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில். தையல் மெஷினில் சேர்ந்தவர், பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே செக்கிங் கற்றுக்கொண்டு அந்தப் பிரிவுக்கு மாறினார். சட்டையைப் பிரித்துத் தையல், பட்டன், அளவு பார்ப்பது. பிசகு இருந்தால் திருப்பி அனுப்புவது. கணவர் இறந்துவிட்டார். மகன் ஜோனத்தான் பெங்களூரில். கூப்பிடு தூரத்தில் இருக்கும் சொந்தம் என்றால் கோவிலம்பாக்கத்தில் தங்கை எப்சியும் அவள் மகள் அபிகாயிலும்தான்.

அபிகாயிலுக்கு இருபத்தைந்து வயது. சில வருடங்களுக்கு முன் திடீரென்று தூக்கமே இல்லாமல், நாள் கணக்கில், யாரையும் பேசவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு படுத்தவள் எழுந்திருக்கவில்லை. தலை வாரிவிடுவதற்குக்கூட எப்சி அவளைத் தூக்கி உட்காரவைக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மனநிலை ஏறி இறங்கும் நோய், மாத்திரையை விடக் கூடாது என்றார் டாக்டர். விடவில்லை. இப்போது பல்லாவரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. ஆனால் மாத்திரையால் டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கும். உடம்பும் பெருத்துவிட்டது.

இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் தொடங்கியபோது மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் வீட்டாருக்கு அபிகாயிலைப் பிடித்துவிட்டது. மாத்திரை விஷயம் அவர்களுக்குத் தெரியாது. அந்த மாத இரண்டாம் சனிக்கிழமை எப்சியும் ஜெபத்துக்கு வந்திருந்தாள். ஒரு பெண் எழுந்து, வருடக்கணக்காகச் சாப்பிட்ட மனநோய் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டதாகவும், கர்த்தர் தன்னைச் சுகமாக்கினதாகவும் சொல்லி அழுதாள். அவளுக்கு மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞானஜோதிதான்.

கூட்டம் முடிந்து செருப்பைத் தேடும்போதே எப்சி சொல்லிவிட்டாள். "ஈஸ்டரோட நிறுத்திடலாம்கா. இந்தப் பொண்ணோட சேர்த்து இங்கயே நாலு சாட்சி கேட்டுட்டேன். இனிமே என்ன யோசிக்கறது?"

ஞானஜோதி தன் செருப்பை மாட்டிக்கொண்டார். அவருக்கும் அந்த நாலும் நினைவிருந்தது.

போதகரிடம் போய்க் கேட்டார். "சிஸ்டர், நான் யாரையும் மாத்திரையை நிறுத்தச் சொன்னதே இல்ல. டாக்டரையும் கர்த்தர்தான் தந்திருக்காரு. உங்க தங்கச்சிக்கும் அதையே சொல்றேன்," என்றார் அவர். சொல்லவும் செய்தார். எப்சி மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, பாஸ்டர் சட்டத்துக்குப் பயந்து பேசுகிறார் என்று அக்காவிடம் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு கோவிலம்பாக்கத்தில் சாப்பாடு. எப்சி குளிக்கப் போன நேரத்தில், வெங்காயம் உரித்துக்கொண்டே அபிகாயில் கேட்டாள்:

"பெரியம்மா, நீங்கதான மைக் குடுக்கறீங்க. வாங்காதவங்க எத்தனை பேரு?"

"யாரு வாங்காதவங்க?"

"ஜெபத்துக்கு வந்து, மாத்திரையை நிறுத்தி, அப்புறம் எழுந்து நின்னு எதுவும் சொல்லாதவங்க."

"அதை யாருடி கணக்கு வச்சிருக்கா?"

"அதான் கேக்கறேன். எனக்கும் இதை விட்டுத் தொலைக்கணும்னுதான் இருக்கு. கை நடுங்காம ஒரு காபி குடிச்சு எவ்ளோ நாளாச்சு. ஆனா நாலு பேரு நல்லாயிட்டாங்கன்னா, நாலு பேருலயா, நாப்பது பேருலயான்னு தெரிய வேணாமா?"

திரும்பி வரும் பஸ்ஸில் ஞானஜோதிக்கு உட்கார இடம் கிடைத்தும் களைப்பு ஆறவில்லை. அவர் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர் அனுப்பும் முன் வாங்குகிறவர்கள் தரப்பில் ஒருவர் வந்து சோதிப்பார். கம்பெனிக்காரர்கள் எடுத்து நீட்டும் அட்டைப்பெட்டியை அவர் தொடமாட்டார். அடுக்கின் அடியிலிருந்தும் மூலையிலிருந்தும் தானே குறித்துக் கொடுப்பதைத்தான் இறக்கச் சொல்வார். வேலையில் சேர்ந்த புதிதில் அதைத் திமிர் என்று நினைத்த ஞானஜோதி, நல்லதை மட்டுமே முன்னால் நீட்டுவார்கள் என்ற காரணம் பிறகு புரிந்து தானும் அப்படியே பார்க்கப் பழகினார். ஜெபத்தில் கை தூக்குகிறவர்கள் தாங்களாக முன்னால் வந்த பெட்டிகள் என்று இத்தனை காலம் தோன்றவே இல்லை. அது அவருக்கு வருத்தமாகக்கூட இல்லை, அலுப்பாக இருந்தது. இன்னொரு வேலை கூடிவிட்ட அலுப்பு.

யாரிடம் தொடங்குவது? மண்டபத்தில் பாய் விரித்து, டீ போட்டு, எல்லார் வீட்டுக் கதையும் அறிந்தவள் அருள்மேரி. அவளிடம் கேட்டார்: மனசு சரியில்லை என்று ஜெபத்துக்கு வந்து மாத்திரையை நிறுத்தினவர்கள் யார் யார், இப்போது வருகிறவர்களும் சரி, வராதவர்களும் சரி.

"இன்னா ஜோதிக்கா, சென்சஸ் எடுக்கிறியா? கவர்மென்ட்ல சொல்லி இருக்காங்களா?"

"வராதவங்களத்தான் முக்கியமா சொல்லு."

"வராதவங்கள இன்னாத்துக்குக்கா? வர்றவங்களுக்கே டீ பத்தல." சிரித்தாலும், யோசித்து யோசித்து ஏழு பேரைச் சொன்னாள் அருள்மேரி.

போகும் முன் ஞானஜோதி ஒன்றை முடிவு செய்துகொண்டார். மாத்திரை இல்லாமல் ஒரு முழு வருடம், ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல், வீட்டையோ வேலையையோ தானே பார்த்துக்கொண்டிருந்தால்தான் நல்லாயிட்டது என்று கொள்வது. ஆளைப் பார்த்த பிறகு இதை மாற்றக் கூடாது. சட்டையை மேசையில் விரித்துவிட்டு, அதற்கு ஏற்றபடி அளவைத் திருத்துகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

முதலில் போனது கங்கம்மா வீட்டுக்கு. முன்பு சாட்சி சொன்ன நாலு பேரில் ஒருத்தி. முடிச்சூரிலேயே இருக்கிறாள். வெள்ளத்துக்குப் பிறகு உயர்த்திக் கட்டிய வாசற்படியை ஏறவே ஞானஜோதி இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. உட்கார்ந்ததும் கேட்டார்: "சாட்சி சொன்னீங்களே கங்கம்மா, கர்த்தர் புண்ணியத்துல நல்லாதான இருக்கீங்க?"

"அவர் கிருபைக்கா. ஒரு குறையும் இல்ல," என்றாள் கங்கம்மா. மண்டபத்தில் பேசிய அதே குரல். முந்தானையால் அதே போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மோர் குடித்துவிட்டுப் படியிறங்கிக் கேட்டைத் திறக்கும்போது, கங்கம்மா பின்னால் வந்து கையைப் பிடித்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா? நீ மைக்க நீட்டுறாப்ல கேட்ட. நானும் அப்டியே சொல்லிட்டேன். அன்னிக்கு சொன்னது பொய்யில்ல. அப்ப நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு மாசம் கழிச்சு திரும்பிகிச்சு. இப்ப மறுபடியும் முழுங்கிகினுதான் கீறேன். இத எப்டி மைக்ல சொல்றது?"

"எனக்காவது சொல்லியிருக்கலாமே."

"நீ கேக்கலயே."

கேட்கிற விதமே பதிலை எழுதிக் கொடுத்துவிடுகிறது என்பது அன்று தெரிந்தது. அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் அவர் சுகம், கிருபை, சாட்சி என்ற வார்த்தைகளை முதலில் எடுக்கவில்லை. "இப்ப நாள் எப்படிப் போகுது?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். எதிரே இருப்பவர் பேசாமல் இருந்தால் அவரும் பேசாமல் இருந்தார். வீட்டில் இன்னொருவர் இருந்தால் அவரிடம் தனியாகக் கேட்டார். ஷிப்ட் முடிந்த பிறகு, ஒரு நாளைக்கு ஒரு வீடு. அதற்கு மேல் கால் தாங்கவில்லை.

கீழ்க்கட்டளையில் ஜேசன் என்ற பையனின் அம்மா கதவைப் பாதிதான் திறந்தார். ஒரு காலத்தில் மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தவர் அவர். மகன் மாத்திரையை நிறுத்தினான். சில மாதங்களில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றான். பக்கத்து வீட்டுக்காரர்கள் பிடித்து இறக்கினார்கள். இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறான்.

"அதுக்கப்புறம் கூட்டத்துக்கு வரலியே நீங்க," என்றார் ஞானஜோதி.

"வந்து என்ன சொல்றது? எல்லாரும் நல்லாயிட்டேன் நல்லாயிட்டேன்னு எழுந்து நிக்கறாங்க. என் பிள்ளைக்கு மட்டும் ஏன் ஆகலன்னு கேட்டா, என் விசுவாசம் பத்தலன்னு அர்த்தமாயிடும். நான் பத்தாம போனதை ஊருக்குச் சொல்லணுமா?"

அவருக்குத் தான் ஒருத்தி மட்டும்தான் என்ற நினைப்பு. மற்ற மூன்று பேரிடம் அதுவரை கேட்டிருந்த ஞானஜோதிக்கு அப்படி இல்லை என்று தெரியும். பெயர் எதுவும் சொல்லாமல் அதை மட்டும் சொன்னார். அந்த அம்மா கதவை முழுதாகத் திறந்து, உள்ளே வந்து உட்காரச் சொன்னார். 

அதே கீழ்க்கட்டளையில்தான் சவுரிமுத்து இருந்தார், வேன் ஓட்டுபவர். ஜெபம் செய்து மாத்திரையை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. ஒரு தொந்தரவும் இல்லை. அவர் மனைவியிடம் சமையலறையில் தனியாகக் கேட்டபோது, "முன்னைக்கு இப்ப தேவலக்கா. சண்டை போட்டாக்கூட ஞாயமா போடறாரு," என்றாள். ஞானஜோதி எந்தப் பக்கமிருந்து கேட்டும் அந்த ஆள் நன்றாகத்தான் இருந்தார். ஏன் என்று விளங்கவில்லை. இவரைப் பார்க்காமலே இருந்திருந்தால் தங்கையிடம் பேசுவது சுலபமாக இருந்திருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. பல்லாவரம் வரை அந்த நினைப்போடுதான் போனார்.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் கோவிலம்பாக்கம் போய், தாயையும் மகளையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொன்னார். ஏழு பேர். நான்கு பேர் திரும்பவும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அதில் இரண்டு பேர் சாட்சி சொன்னவர்கள். ஒரு பையன் ஆஸ்பத்திரியில். ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டது, ஒன்றும் தெரியவில்லை. ஒருவர் நன்றாக இருக்கிறார். சாட்சி சொன்ன நாலில் இவரும் ஒருவர். நாலாவது, எப்சி வந்த அன்று அழுத பெண். நிறுத்தி ஆறு வாரம்தான் ஆகிறது என்பதால் அவளை ஏழில் சேர்க்கவில்லை.

எப்சி கடைசிக்கு முந்தினதைப் பிடித்துக்கொண்டாள். "ஒருத்தர் நல்லா இருக்காருன்னு நீயே சொல்றியே."

"ஆமா. இருக்காரு."

"அப்ப அபிக்கும் ஆகலாம் இல்ல?"

"ஆகலாம். ஆகாமலும் போகலாம். அஞ்சு பேருக்கு ஆகல எப்சி."

"அந்த ஒருத்தரை விட்டுட்டாவது சொல்லியிருக்கலாம்கா. எதுக்கு என்கிட்ட சொன்ன?"

"இருக்கறதை இல்லன்னு எப்படிச் சொல்றது?"

 அபிகாயில் கேட்டாள், "பெரியம்மா, நிறுத்தாம சாப்பிட்டுக்கிட்டே இருக்கறவங்களுக்கு? அவங்கள்ல எத்தனை பேருக்குத் திரும்ப வந்துது?"

ஞானஜோதி அவளையே பார்த்தார். அந்தப் பக்கம் அவர் போகவே இல்லை. அது தெரியாமல் இந்த ஏழுக்குப் பாதி அர்த்தம்தான்.

"அதை நான் கேக்கலடி."

"சரி விடுங்க. அதை டாக்டர்கிட்டயே கேக்கலாம், அவங்க நிறைய பேரைப் பார்த்திருப்பாங்க. கை நடுங்கறதையும் சொல்லணும். இவ்ளோ நாளா பயந்துக்கிட்டு அதைச் சொல்லவே இல்ல." பிறகு தாயிடம் திரும்பினாள். "அம்மா, நான் நிறுத்தல. அந்த ஒருத்தரா நான் இருப்பேனான்னு நிறுத்திப் பார்த்தாத்தான் தெரியும். இல்லன்னு தெரியறப்ப நான் நானா இருக்கமாட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கு இல்ல?"

எப்சிக்கு ஞாபகம் இருந்தது. தலை வாரிவிட்டவள் அவள்தான். "மடிப்பாக்கத்துக்கு யாரு சொல்றது?" என்று கேட்டாள்.

"நானே சொல்றேன்," என்றாள் அபிகாயில்.

"நீ சொன்னா வாயாடின்னு சொல்வாங்க. பெரியம்மா சொல்லட்டும்."

"இந்த மாசம் இதுக்கு மேல என்னால யார் வீட்டுப் படியும் ஏற முடியாது," என்றார் ஞானஜோதி.

கடைசியில் எப்சியே போன் செய்தாள். பையனின் அம்மா பொறுமையாகக் கேட்டார், ஜெபித்துவிட்டுச் சொல்கிறோம் என்றார். அதற்குப் பிறகு அங்கிருந்து எந்தத் தகவலும் இல்லை. எப்சி சில வாரம் அக்காவோடு சரியாகப் பேசவில்லை. இப்போது பேசுகிறாள், ஆனால் வரன் பற்றிய பேச்சை மட்டும் எடுப்பதில்லை. மாத்திரையை விடாதவர்களுக்கும் சிலருக்குத் திரும்ப வருவதுண்டு, விட்டவர்களுக்கு வருவதைவிட அது குறைவு என்று டாக்டர் சொன்னார். ரத்தம் எடுத்துப் பார்த்து, மாத்திரையின் அளவையும் சற்றுக் குறைத்தார். நடுக்கம் முழுதாகப் போகவில்லை. அபிகாயில் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காபி குடிக்கிறாள். அரை டம்ளர்தான் ஊற்றிக்கொள்கிறாள்.