மேல்வீட்டு நாயும் என் மௌன விரதமும்

மேல்வீட்டுத் தம்பியின் நாய்க்கு வித்தை சொல்லிக் கொடுத்தது நான்தான். மட்டாஞ்சேரியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மாடியில் அந்தத் தம்பியும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். இருவரும் எர்ணாகுளத்துக்கு வேலைக்குப் போய்விட்டால் நாய் பகலெல்லாம் என்னோடுதான். நான் அதிகம் படித்தவள் இல்லை. நாய் வித்தைக்குப் போட்டி உண்டு, ஜெயித்தால் பட்டம் உண்டு என்பதெல்லாம் தம்பி போனில் காட்டித்தான் தெரியும்.

தேங்காய்ச் சில்லைக் கையில் மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பழக்கினேன். உருண்டு எழுந்தது. நான் நடக்க நடக்க என் கால்களுக்கு இடையில் புகுந்து புகுந்து வந்தது. உள்ளங்கையைக் கவிழ்த்து இறக்கினால் முன்னங்கால்களை நீட்டி, தலையைத் தரையில் வைத்துக் கும்பிடும். அம்மன் படத்துக்கு முன்னால் நான் விழுந்து கும்பிடுவதைப் பார்த்துத்தான் அது கற்றுக்கொண்டது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

"போட்டியில சேச்சிதான் அதப் பிடிச்சிட்டு எறங்கணும்," என்றார் தம்பி. அக்கா என்பதற்கு இந்த ஊரில் சேச்சி.

"பட்டுப்புடவை கட்டணும், கேட்டோ," என்று அவர் மனைவியும் சிரித்தாள்.

போட்டி நெருங்கும்போது தம்பி இன்னொன்று சொன்னார். "இனிமே அதோட பேச வேண்டாம் சேச்சி. கையும் காட்ட வேண்டாம். கொஞ்ச நாள் ஏங்கினாத்தான் அன்னைக்கு நல்லா செய்யும்."

நான் அதை விரதமாகவே எடுத்துக்கொண்டேன். அம்மன் முன்னால் விளக்கேற்றி வேண்டிக்கொண்டு நாயிடம் மட்டும் வாயைக் கட்டினேன். நாய் வாசலில் நின்று வாலாட்டும். மூக்கால் என் முட்டியை இடிக்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மாடியிலிருந்து தம்பி கூப்பிட்டால் அங்கே ஓடும். வித்தை மறந்துவிடாமல் இருக்கப் பழக்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் சுக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். "எங்கிட்ட இப்படி ஒரு நாள் வாயைக் கட்டியிருந்தா நானும் ஏதாவது பட்டம் வாங்கியிருப்பேன்," என்றார். விரதத்தில் கேலி பண்ணாதீங்க என்று கோபித்துக்கொண்டேன்.

போட்டியன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு எர்ணாகுளம் மைதானத்துக்குப் போனேன். எங்கள் முறை வந்ததும் நாயின் கயிற்றுக்குக் கை நீட்டினேன். தம்பி தரவில்லை.

"சேச்சி அங்க கசேரையில இருங்க. அது இப்ப என் பேச்சுதான் கேக்குது."

"நான்தானே எறங்கணும்னு சொன்னீங்க?"

"முதல்லயே சொன்னா சம்மதிச்சிருப்பீங்களா?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நாய் ஒன்றையும் விடாமல் செய்தது. கடைசி வித்தை கும்பிடுவது. அவர் கை இறங்குவதற்கு முன்னால் நான் நாற்காலியிலிருந்தபடியே என் கையைக் கவிழ்த்துக் காட்டினேன். அது என்னைப் பார்த்தது. பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பிக்கொண்டது. அவர் கை இறங்கியதும் கும்பிட்டது. கூட்டம் கை தட்டியது.

என்னை ஏமாற்றியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அம்மன் பேரால் வாயைக் கட்டி, என் கையாலேயே அந்தப் பிராணியை விரட்ட வைத்துவிட்டாரே என்றுதான் அன்று முழுக்க நெஞ்சு எரிந்தது.

மறுநாள் காலையில் லட்டுப் பெட்டியோடு வந்து நின்றார். "நம்ம நாய்க்குப் பட்டம் கெடச்சிருச்சு சேச்சி. இனி பழையபடி பகல்ல பார்த்துக்குவீங்கல்ல?"

வாங்க மனசில்லை. வாங்காமல் கதவைச் சாத்தினால் நாயை மாடியிலேயே கட்டிப்போட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். பெட்டியை வாங்கி வைத்தேன். அவர் முகத்தைப் பார்க்காமல், "கீழ கொண்டாந்து விடுங்க," என்றேன்.