பீலியடிக்கு வந்த உடன்படிக்கை

கியோட்டோ உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த காலத்தில் நான் சிவில் டிப்ளோமா முடித்துவிட்டுக் கொழும்பில் ஓர் ஆலோசனை அலுவலகத்தில் சேர்ந்தேன். மலையோடைகளில் சிறு மின்நிலையம் கட்டுகிறவர்களுக்கு வேண்டிய ஆவணங்களைத் தயாரித்துக் கொடுப்பது அந்த அலுவலகத்தின் தொழில். ஓடைத் தண்ணீரில் மின்சாரம் எடுத்தால் அந்த அளவுக்கு எண்ணெய் எரிய வேண்டியதில்லை. எரியாத எண்ணெயின் புகையைக் கணக்கிட்டுக் காட்டினால், பணக்கார நாடு ஒன்று அதை விலைக்கு வாங்கித் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். உலக நாடுகள் பல வருடங்கள் கூடிப் பேசி ஒத்துக்கொண்ட ஏற்பாடு அது.

ஊரில், ராகலையில், அம்மாவுக்கு இதை விளக்க ஒரு முழு மாலை எடுத்தது.

"அப்ப இல்லாத பொகைய விக்கிறீங்க?" என்றார்.

"ஆமாம்மா."

"நேத்து வெறகு நனைஞ்சு நம்ம அடுப்பு எரியவே இல்ல. அதையும் சேத்து வித்துக் குடு."

அம்மா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கும் இதைவிடச் சுருக்கமாக அதைச் சொல்லத் தெரியவில்லை.

எந்த வேலைக்குப் போனாலும் மனதுக்குள் ஒரு பட்டியல் போட்டுக்கொள்வது என் வழக்கம். பொகவந்தலாவைப் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போகவேண்டும் என்று சொன்னபோதும் அப்படித்தான் போட்டேன். தடுப்பணை எங்கே வரும். வாய்க்கால் எந்தச் சரிவில் போகும். மின்நிலையம் எவ்வளவு கீழே இருக்கும். அணைக்கும் மின்நிலையத்துக்கும் நடுவே வறண்டுபோகப் போகும் ஓடைத்துண்டு எது, அதன் கரையில் யார் இருக்கிறார்கள். வரைபடத்தை விரித்துப் பார்த்ததும் கடைசிக் கேள்விக்கு உடனே விடை கிடைத்தது. அங்கே தொழிலாளர்களின் வரிசை வீடுகள், பணிய லயம், இருந்தது. மலையின் அடியில் இருப்பதால் அந்தப் பெயர். அதன் தொங்கல் காம்பராவில், கடைசி அறையில், என் அக்கா இருந்தாள். கல்யாணமாகி அந்தத் தோட்டத்துக்குப் போனவள், அப்போது கைக்குழந்தைக்காரி. அந்த லயத்துக்குக் குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் ஒரே பீலிதான். ஓடையிலிருந்து ஒரு கிளையைத் திருப்பிக் குழாய் வழியாகக் கல்லின்மேல் கொட்ட விட்டிருந்தார்கள். அணை அதற்கு மேலே வரப்போகிறது.

என் மேலதிகாரி யாழ்ப்பாணத்து இன்ஜினியர், நிதானமானவர். அவரிடம் அன்றே சொல்லிவிட்டேன்.

"சேர், அந்தப் பணிய லயத்துல எங்க அக்கா இருக்காங்க. அவங்க பீலி இந்தத் துண்டுலதான் வருது."

"நல்லதாப் போச்சு, பிள்ளை. தோட்டத்தில சாப்பாட்டுக்கு அலையத் தேவையில்லை." பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தண்ணி விசயம் கூட்டத்தில வரும்தானே. சனம் சொன்னா எழுதுவம்."

கூட்டம் என்று அவர் சொன்னது உடன்படிக்கையின் விதிகளில் ஒன்று. திட்டத்தை வெளிநாட்டில் உள்ள சபை பதிவுசெய்ய வேண்டுமானால், உள்ளூர் மக்களை அழைத்துக் கருத்துக் கேட்டிருக்க வேண்டும். சொன்ன கருத்துக்கு என்ன செய்தோம் என்றும் காட்ட வேண்டும். பெரிய மாநாடுகளில் நாடுகள் ஒரு சொல்லுக்காக நாள்கணக்கில் மல்லுக்கட்டுவதை வானொலியில் கேட்டிருக்கிறேன். இந்த வரியையும் ஏதோ ஒரு மண்டபத்தில் யாரோ ஒருவர் கையை உயர்த்திக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அவரைப் பற்றி நான் அடிக்கடி நினைத்துக்கொண்டேன்.

கூட்டத்துக்கு இடமும் நேரமும் குறித்தது தோட்டத்துத் துரை. எல்லாரும் ஒரே இடத்தில் நிற்பார்கள், வேலையும் கெடாது என்று காலைப் பெரட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். ஆளைக் கணக்கெடுத்து, யார் எந்த மலைக்குப் போவது என்று பிரித்துவிடும் இடம் அது. பனி விலகாத நேரம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு வரிசையாக நின்றார்கள். துரையும் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கும் முன்னால் நின்றார்கள். இன்ஜினியர் கைஒலிபெருக்கியில் உலகம் வெப்பமாகி வருவதைப் பற்றிப் பேசத் தொடங்கினார். வாயைத் திறந்ததும் ஆவி பறந்தது.

என் பக்கத்தில் இரண்டு பெண்கள் கிசுகிசுத்தார்கள்.

"ஒலகம் சூடாகுதாம்டி."

"நம்ம தோட்டத்துக்கு எப்ப வருதுன்னு கேளு. வெரல் மரத்துப் போச்சு."

அணை, வாய்க்கால், மின்நிலையம் எல்லாவற்றையும் அவர் பொறுமையாக விளக்கினார். கடைசியில் கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். யாரும் அசையவில்லை. அக்கா குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு வந்து இரண்டாவது வரிசையில் நின்றாள். என்னைப் பார்த்தாள், பிறகு நிலத்தைப் பார்த்தாள். பின்வரிசையிலிருந்து ஒருவர் மட்டும் கையைத் தூக்கினார்.

"நேரம் போச்சுங்களே, இன்னைக்கு முழுப்பேரு போடுவாங்களா, ஐயா?"

முழு நாள் சம்பளம் போடுவார்கள் என்றார் கண்டாக்கு. எல்லாரும் "சரிங்க" என்று சொல்லிவிட்டு மலைக்குப் போனார்கள்.

"எதிர்ப்பு ஒண்டும் இல்லை எண்டு எழுதும்," என்றார் இன்ஜினியர்.

அன்று மாலை அக்கா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். ஏன் பீலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பெரட்டுல யாருடி பேசுவா? வாயத் தொறந்தா நாளைக்கே தூர மலைக்குப் போட்ருவாங்க. கொழந்தைக்குப் பால் குடுக்க நான் எப்புடி ஓடி வாரது?"

"அது வேல பிரிக்கிற பெரட்டு இல்லக்கா. கருத்துக் கேக்குற கூட்டம்."

"தொர நிக்கிறாரு, கண்டாக்கு நிக்கிறாரு, நாங்க வரிசையா நிக்கிறோம். அப்புறம் அதுக்குப் பேரு என்ன?"

மறுநாள் காலை அதற்குப் பதில் தானாக வந்தது. நானும் இன்ஜினியரும் அணை வரும் இடத்தில் அளவு எடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு சிறு கூட்டம் மம்மட்டியும் அலவாங்குமாக இறங்கி வந்தது. முன்னால் வந்தவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எந்தப் பக்கம் வெட்டணும்னு சொல்லுங்க, சேர்."

"ஆர் உங்களை வரச் சொன்னது?"

"நீங்கதானுங்க. நேத்து பெரட்டுல அணை, வாய்க்கால் எல்லாம் வெவரமா சொன்னீங்களே. சரின்னுட்டுத்தான வந்தோம்."

இன்ஜினியர் முதலில் சிரித்தார். அவர்களுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் எதற்கென்று தெரியாத சிரிப்பு. அவர்களை அனுப்பிவிட்டு அவர் ஒரு கல்லில் உட்கார்ந்தார். நான் மனதில் போட்டிருந்த பட்டியலை அவர்முன் எடுத்து வைத்தேன்.

"சேர், கருத்து கேட்டோம்னு நாம நினைச்சோம். வேலை குடுத்தோம்னு அவங்க நினைச்சிருக்காங்க. அவங்க சொன்ன 'சரி' அதுக்குத்தான். அத எதிர்ப்பு இல்லன்னு எழுத முடியாது. இன்னொரு கூட்டம் வைக்கணும். தொர இல்லாம, வேல நேரம் இல்லாம, பீலியடியிலயே."

"சனம் எதிர்த்தா?"

"எழுதணும்."

"எழுதினா வேலை தாமதமாகும். கட்டுறவன் வேற ஆளைப் பிடிப்பான். அப்ப நீரும் நானும் வீட்டில." கல்லிலிருந்து எழுந்து காற்சட்டையைத் தட்டிக்கொண்டார். "சரி. நீரே நடத்தும்."

அவர் சம்மதித்தது எனக்கு நிம்மதியாக இருக்கவில்லை. அரைமனதோடு சொன்ன சம்மதம் எப்போது மாறும் என்று தெரியாது. தண்ணீர் போய்விட்டால் அக்கா குடத்தோடு மலைமேல் இருக்கும் மேட்டு லயத்துப் பீலி வரை ஏறிப் போய் வர வேண்டும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. அதைத் தவிர மற்ற எதுவும் அப்போது என் மனதில் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பீலியடியில் லயத்துப் பெண்கள் எல்லாரும் துணியோடு இருந்தார்கள். நான் எழுந்து நின்று வணக்கம் என்று தொடங்கியதும் எல்லாரும் கையை நிறுத்திவிட்டு மௌனமானார்கள். அங்கேயும் பெரட்டு வந்துவிட்டது. அதனால் பேச்சை விட்டுவிட்டு அக்காவின் துணி வாளியை எடுத்து, ஒரு கல்லில் உட்கார்ந்து நானும் துவைக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் காம்பரா அக்கா ஒருவர் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"அந்த ஆளு சொன்ன கரண்டு எங்க லயத்துக்கா, தங்கச்சி?"

பெரட்டில் என்னை 'மிஸ்' என்று அழைத்தவர் அவர்.

"இல்லக்கா. பொதுக் கம்பியில போகுது."

"காசு?"

"கட்டுறவங்களுக்கு. வெளிநாட்டுக்காரங்க புகைக்குப் பதிலா குடுக்குறாங்க."

"அப்புடிப் போடு. அவங்க ஊர்ப் பொகைக்கு எங்க பீலியா பதில்?"

எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒருவர் பேச்சை மற்றவர் வெட்டிக்கொண்டு பேசினார்கள். திருவிழாவுக்குக் கரகம் அலங்கரித்துப் பாலிப்பது இந்த ஓடையில்தான், அன்று தண்ணீர் ஓடாவிட்டால் சாமிக்கு என்ன பதில் சொல்வது. பங்குனி வெயிலில் இப்போதே விரல் கனம்தான் விழுகிறது. அணையே வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. வாய்க்கால் வேலைக்கு எங்கள் பையன்களை எடுப்பார்களா என்று இரண்டு பேர் கேட்டார்கள். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: பீலி நிற்கக்கூடாது. நான் எல்லாவற்றையும் ஈரக் கையோடு எழுதினேன்.

இன்ஜினியர் அதைப் படித்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார். அது ஆவணத்தில் சேருமா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் சரிபார்க்கும் அதிகாரி வந்தார். ஐரோப்பிய நிறுவனம் ஒன்று அனுப்பிய உயரமான வெள்ளைக்காரர். ஆவணத்தில் எழுதியது உண்மையா என்று நேரில் பார்த்துச் சொல்வது அவர் வேலை. அவர் ஒத்துக்கொண்டால்தான் சபைக்குப் போகும். துரை வழக்கம்போல ஆட்களைப் பெரட்டில் நிறுத்தி வைத்திருந்தார். வெள்ளைக்காரர் வரிசையைப் பார்த்தார். அணைக்குக் கீழே தண்ணீர் எடுக்கிறவர்களைத்தான் பார்க்க வேண்டும் என்றார். பாதை செங்குத்து, அட்டை இருக்கிறது, சப்பாத்துக் காலுக்கு வழுக்கும் என்றார் துரை.

"நான் வழி காட்டுகிறேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தை முந்தின நாளே தயார் செய்து வைத்திருந்தேன்.

பீலியடியில் வெள்ளைக்காரரின் சப்பாத்து உண்மையாகவே வழுக்கியது. முழங்கால்வரை நனைந்து எழுந்தவரைப் பார்த்துப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவரும் சிரித்துவிட்டார். குழந்தையோடு நின்ற அக்காவிடம் கேட்க வேண்டும் என்று சொல்லி, என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்.

"அவர் என் சொந்த அக்கா," என்றேன். "வேறு யாராவது செய்வதுதான் முறை."

அவர் தலையாட்டிவிட்டு, எங்களோடு இறங்கி வந்திருந்த இன்ஜினியரைப் பார்த்தார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் பட்டியலில் இது இல்லை. 'எதிர்ப்பு இல்லை' என்று எழுதச் சொன்னவர் வழியாகத்தான் இப்போது அக்காவின் பேச்சு போகவேண்டும். ஒரு சொல்லைக் குறைத்தால் போதும், அது வேறு பேச்சாகிவிடும்.

அக்கா குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"நாங்க அணை வேணாங்கல, சேர். அவரு ஊருக்கு நல்லதுன்னா கட்டிக்கட்டும். ஆனா இந்தப் பீலி நின்னா, இந்தப் புள்ளயத் தூக்கிட்டு நான் மேட்டு லயம் வரைக்கும் கொடம் சொமக்கணும். அவங்க பொகைக்கு நாங்க ஏன் சொமக்கணும்னு கேளுங்க. அன்னைக்குப் பெரட்டுல கேக்கல. பயந்துட்டோம். அதையும் சொல்லுங்க."

இன்ஜினியர் தொண்டையைச் செருமினார். பிறகு ஆங்கிலத்தில், ஒவ்வொரு வாக்கியமாக, அவள் பேசிய அதே வரிசையில் சொன்னார். குடத்தைச் சொன்னார். புகையைச் சொன்னார். பயந்ததைச் சொல்லும்போது மட்டும் சற்று நிறுத்தினார். பிறகு அதையும் சொன்னார். அத்தோடு, கேட்காமலே, "முதல் கூட்டம் சரியான இடத்தில் நடக்கவில்லை. இரண்டாவது கூட்டத்தின் குறிப்பு என்னிடம் இருக்கிறது," என்று பையைத் திறந்தார். தண்ணீர் தெறித்து மை கலங்கிய என் தாள்கள் அதில் ஒழுங்காக மடித்து இருந்தன.

நான் பீலிக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி ஏறும்போது அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "உம்மட அக்காவின்ர கதையைக் குறைச்சுச் சொல்லியிருந்தா நீர் அங்கயே திருத்தியிருப்பீர் எண்டு தெரியும்."

"ஆமா, சேர்."

"அதுதான், வீணா ஏன்?"

வெள்ளைக்காரரின் கேள்விகள் சில வாரங்களில் வந்து சேர்ந்தன. கட்டுகிறவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் பதிவு வேண்டுமே. அணையின் அடியில், கதவோ பூட்டோ இல்லாத ஒரு துளை வைப்பதென்று முடிவானது. ஓடையில் எவ்வளவு குறைந்தாலும் முதல் பங்கு அதன் வழியாகக் கீழே போகும், மிச்சம்தான் வாய்க்காலுக்கு. அந்தத் துளையின் படத்தை நான்தான் வரைந்தேன். அலுவலகத்தில் வேறு யாரும் அதைக் கேட்கவில்லை, நானும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துத் தூர தேசத்துச் சபை திட்டத்தைப் பதிவுசெய்தது.

மின்நிலையம் ஓடத் தொடங்கியபின் வந்த முதல் பங்குனியில் லீவு போட்டுப் போனேன். மழை கண்டு நாளாகியிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் பையோடு நேராக அணைக்கு ஏறினேன். வாய்க்காலில் தண்ணீர் தரையோடு கிடந்தது. துளையில் மட்டும் கை கனத்தில் வெள்ளையாகப் பாய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி ஓடைக்கரையோடு கீழே இறங்கினேன். எங்காவது நின்றுவிடுமோ என்று ஒவ்வொரு வளைவிலும் பார்த்தேன். நிற்கவில்லை.

பீலியடியில் அக்கா குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அது இப்போது ஓடித் திரியும் வயதில் இருந்தது. கொட்டும் தண்ணீருக்குக் கீழே தலையைக் கொடுத்துக் கத்தியது.

"வந்ததும் வராததுமா அணையப் பாக்கப் போயிட்டியாக்கும். நாங்க இருக்கோமான்னு பாக்க வரல?"

"அதத்தான் பாக்கப் போனேன்."

"தண்ணி நிக்கலடி. வேணும்னா நீயே பாரு."

செருப்பைக் கழற்றிவிட்டுப் பீலிக்குக் கீழே கையை நீட்டினேன். விரல் மரத்துப்போகும்வரை அப்படியே வைத்திருந்தேன்.